சிகாகோ விலையில் ஒரு தண்டையார்பேட்டை வேப்பமரம்

ஐப்பசி நெருங்கினால் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி ஒழுகல், ஊறல், ஓதம் என்றுதான் இருக்கும். இந்தத் தடவை என்னவோ மரம் மரமாக வந்து விழுந்திருக்கிறது. அதனால் மரக் கேள்விகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஒழுகல்காரர்கள் அடுத்த இதழ் வரை வாளி வைத்துச் சமாளிக்கவும்.

ஐயா, எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு வேப்பமரம். மாமனார் காலத்தில் காக்கா போட்ட கொட்டையில் தானாக முளைத்ததாம். இப்போது வேர் டிரெய்னேஜ் சேம்பர் மூடியைத் தூக்குகிறது, ஒரு பெரிய கிளை பக்கத்து வீட்டு சிமென்ட் ஷீட் மேல் படுத்திருக்கிறது. எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மகன் போனில் மரம் அகற்றும் செலவைச் சொல்லும் கால்குலேட்டர் ஒன்றைத் தேடிக் கொடுத்தான். உயரம் 40 அடி என்று போட்டோம். விட்டம் கேட்டது, தையல் டேப் வைத்து அளந்து 66 அங்குலம் என்று போட்டோம். பின்கோடு ஆறு எண்ணை ஏற்கவில்லை, அதனால் 600081-ல் கடைசி 1-ஐ விட்டுவிட்டோம். 4,800 டாலர் என்று வந்தது. கணக்குப் பார்த்தால் நாலு லட்சம் ரூபாய்! தெரு முனையில் இருக்கிற மரம் ஏறுகிறவர் 12,000 கேட்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, தண்டையார்பேட்டை

நாலு லட்சத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா, அது உங்கள் மரத்தின் விலையே இல்லை. டேப்பை மரத்தைச் சுற்றிப் பிடித்தால் கிடைப்பது சுற்றளவு. அந்தக் கட்டத்தில் கேட்டது விட்டம், மரத்தைக் குறுக்கே அறுத்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் எவ்வளவு என்பது. சுற்றளவை 3.14-ஆல் வகுக்க வேண்டும், உங்கள் 66 அங்குலம் 21 அங்குலம் ஆகிவிடும். நீங்கள் 66 என்று போட்டதும், ஐந்தரை அடி அகலத்தில் ஏதோ ஆலமரம் நிற்கிறது போல என்று நினைத்து அது கணக்குப் போட்டிருக்கிறது. இன்னொன்று, அளக்கிற இடம் தரையிலிருந்து நாலரை அடி உயரம், ஏறக்குறைய நெஞ்சு மட்டம். அடியில் வேர் புடைத்திருக்கிற இடத்தில் அளந்தாலும் கணக்கு ஊதிவிடும்.

அப்புறம் அந்தப் பின்கோடு. அமெரிக்காவில் பின்கோடு ஐந்து எண்தான். 60008 என்பது சிகாகோ பக்கத்தில் இருக்கிற ரோலிங் மெடோஸ் என்ற ஊர். ஆக, தண்டையார்பேட்டை வேம்பை இலினாய் மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், மூன்று மடங்கு பருமனாக்கி, விலை கேட்டிருக்கிறீர்கள். அது கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. குறை சொல்ல முடியாது.

அங்கே சாதாரண மரத்துக்கே சில நூறு டாலரிலிருந்து இரண்டாயிரம் டாலர் வரை போகும். காரணம் மரமல்ல. ஆளைத் தூக்கிப் பிடிக்கிற தொட்டி வைத்த லாரி, கிளைகளைப் போட்டால் தூளாக்கித் துப்புகிற இயந்திரம், வேர்க்கட்டையைத் தரைக்குள்ளேயே அரைக்கிற இயந்திரம், மேலே ஏறினவர் விழுந்தாலோ பக்கத்து வீட்டுக் கூரை உடைந்தாலோ கொடுப்பதற்கு இன்சூரன்ஸ் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. நமக்கு அந்த லாரி சந்துக்குள் நுழையவே நுழையாது. இன்சூரன்ஸ் என்றால் மரம் ஏறுகிறவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும், கீழே வருகிறேன்.

ஆனால் கால்குலேட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் விலைதான் உதவாது, கேள்விகள் நன்றாகவே உதவும். உயரம் எவ்வளவு, பருமன் எவ்வளவு, பக்கத்தில் வீடு இருக்கிறதா, ஒயர் போகிறதா, வண்டி கிட்டே வருமா, கட்டையை எடுக்க வேண்டுமா, குப்பையை யார் அள்ளுவது. நம்மூரில் விலை பேசும்போது பாதிப் பேர் இதில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. "அண்ணே, அந்த மரத்தை எடுக்க எவ்ளோ?" என்று அண்ணாந்து கேட்கிறோம், அவரும் அண்ணாந்து ஒரு தொகை சொல்கிறார்.

அந்த 12,000-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நான் போடுகிற கூலி ஒரு பேச்சுக்குத்தான், உங்கள் தெருவில் நடக்கிற கூலியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மேலே ஏற ஒருவர், கீழே கயிறு பிடிக்க இரண்டு பேர், வெட்டினதைச் சந்துக்கு வெளியே சுமந்து போட ஒருவர். ஏறுகிறவருக்கு 2,000, மற்ற மூவருக்கு ஆளுக்கு 1,000 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 5,000. பக்கத்தில் சிமென்ட் ஷீட் இருப்பதால் எதையும் தொப்பென்று தள்ள முடியாது, ஒவ்வொரு துண்டாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும். ஆகக் கூலி 10,000. மெஷின் ரம்பத்தின் வாடகையும் பெட்ரோலும் 1,500. மீன்பாடி வண்டி மூன்று நடை, நடைக்கு 600 என்றால் 1,800. டீ, வடை, சாப்பாடு 500. கூட்டினால் 13,800. அவர் 12,000 கேட்கிறார் என்றால் அநியாயமில்லை. ஆனால் குப்பை அள்ளுவது அதில் இல்லை என்று சந்தேகப்படுகிறேன். இல்லையென்றால் கட்டையை அவரே எடுத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

கட்டைக்கு என்ன மதிப்பு என்று நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மரக்கடைக்காரர்கள் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். உங்கள் மரத்தில் நேரான அடிமரம் 10 அடி இருக்கிறது என்று வைத்தால், 66 அங்குலத்தில் கால் பங்கு 16.5 அங்குலம், அடியில் 1.375. அதை அதாலேயே பெருக்கினால் 1.89, பத்தடிக்கு 18.9 கன அடி. உருளைக் கணக்கில் பார்த்தால் நிஜத்தில் 24 கன அடிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். அந்த வித்தியாசம் பட்டைக்கும் அறுப்புச் சேதாரத்துக்கும் போனதாக வியாபாரத்தில் வைத்துக்கொள்கிறார்கள், ஏமாற்று இல்லை. ஏமாற்று எங்கே என்றால், சுற்றளவை மெல்லிய நுனியில் அளந்து எழுதிக்கொள்வதில். நடுவில் அளக்கச் சொல்லுங்கள்.

ரொம்பவும் ஆசைப்பட வேண்டாம். வீட்டு மரத்தில் கொடி கட்டின ஆணி, சீரியல் லைட் மாட்டின ஆணி, யாரோ பேனர் அடித்த ஆணி என்று எத்தனையோ உள்ளே புதைந்து மேலே பட்டை மூடியிருக்கும். சாமில்லில் ஒரு ஆணி பட்டால் ரம்பத்தின் பல் போய்விடும் என்று வீட்டு மரத்தை வாங்கவே தயங்குவார்கள். கடைசியில் விறகுத் தொட்டிக்குத்தான் போகும், விறகு விலைதான் கிடைக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. சொந்தக் காம்பவுண்டு மரம்தானே என்று நினைத்து இறங்காதீர்கள். மாநகராட்சியின் தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்தில் பூங்காத் துறையில் முதலில் விசாரித்து, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் மரம் வெட்டுகிற விண்ணப்பங்களை மாவட்டப் பசுமைக் குழு பார்க்கிறது. எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்பார்கள். சேம்பர், ஷீட் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

நானாக இருந்தால் அந்த ஒரு கிளையை மட்டும் கழிக்க எவ்வளவு என்றும் கேட்பேன். வேம்பு கிளை கழிப்பதைத் தாங்குகிற மரம். சேம்பர் பிரச்சினைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு சேம்பரை நாலடி தள்ளிக் கட்டுவது, மரத்தை எடுப்பதைவிடச் சில நேரம் மலிவாக முடியும். கடைசியாக, மரத்தில் மஞ்சள் துணி ஏதும் கட்டியிருக்கிறீர்களா? கட்டியிருந்தால் ஆள் வந்து பார்த்துவிட்டு, "அம்மன் மரம், நான் கை வைக்க மாட்டேன்" என்று திரும்பிப் போகலாம், அல்லது கற்பூரம், எலுமிச்சம்பழம், ஒரு படையல் என்று கேட்கலாம். கொடுத்துவிடுங்கள். உயிரைப் பணயம் வைத்து மேலே ஏறுகிறவர் கேட்பதில் தப்பில்லை. அந்தக் கட்டம் எந்தக் கால்குலேட்டரிலும் இல்லை.

மரம் வெட்ட விலை தெரிந்துகொள்ள ஒரு தளத்தில் என் நம்பரைக் கொடுத்தேன். விலை வரவில்லை. பத்து நிமிடத்தில் ஏழு பேர் போன் செய்தார்கள், ஒருவர் போர்வெல் போடுகிறவர்.
– கொருக்குப்பேட்டை வாசகர்

விலை சொல்வதற்கு முன் நம்பர் கேட்டால், விற்கப்படுகிற சரக்கு நீங்கள்தான். உங்கள் நம்பரை ஏழு பேருக்கும் கைமாற்றிவிட்டார்கள். வந்தது வந்துவிட்டது, அந்த ஏழு பேரில் மரக்காரர்கள் யாரோ அவர்களை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். போனிலேயே விலை சொல்கிறவரை விட்டுவிடலாம். போர்வெல்காரரிடம் கோபப்படாதீர்கள், அவரும் காசு கொடுத்துத்தான் உங்கள் நம்பரை வாங்கியிருப்பார்.

எங்களுடையது ராயபுரத்தில் மூன்று பக்கமும் வீடு ஒட்டின இடம். நடுவில் ஒரு தென்னை, மூன்று மாடி உயரம். காய் பக்கத்து வீட்டு வண்டி மேல் விழுந்து சண்டையாகிவிட்டது. கால்குலேட்டரில் விட்டம் 12 அங்குலம் என்று சரியாகத்தான் போட்டேன் (சுற்றளவு இல்லை!), மெல்லிய மரம் என்று குறைந்த விலை காட்டியது. நேரில் வந்தவர் மாமரத்துக்குக் கேட்பதைவிட அதிகமாகக் கேட்கிறார். தென்னைக்கு இவ்வளவா?
– வாசகர், ராயபுரம்

தென்னைக்கு விட்டத்தை வைத்து விலை போட்டால் தப்பாகத்தான் வரும். வேம்பு, மா எல்லாம் வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போகும், அதனால் பருமனைப் பார்த்தால் மரம் எவ்வளவு பெரிசு என்று ஓரளவு தெரிந்துவிடும். தென்னை அப்படியல்ல. அடி திரண்டு, தண்டு விட்ட பிறகு மேலேதான் போகும், பக்கவாட்டில் பருக்காது. 20 அடித் தென்னையும் 60 அடித் தென்னையும் ஒரே சுற்றளவு இருக்கலாம். அதனால்தான் உருப்படியான கால்குலேட்டர்களில் பனை, தென்னைக்குத் தனிக் கட்டம் வைத்திருப்பார்கள். நீங்கள் அதைப் பார்க்காமல் பொதுக் கட்டத்தில் போட்டிருப்பீர்கள்.

நேரில் வந்தவர் கணக்கு வேறு. அவர் மரத்தைப் பார்க்கவில்லை, மரம் எங்கே இறங்கும் என்று பார்த்தார். காலி மனையில் நிற்கிற தென்னை என்றால் ஒரு பக்கம் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிடுவார்கள், அரை நாள் வேலை. உங்கள் இடத்தில் ஏறின மரத்தையே மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு இறங்க வேண்டும். முதலில் குலை, மட்டை, பிறகு கொண்டை, பிறகு நாலடி நாலடியாகத் தண்டு. பச்சைத் தென்னந்தண்டு நாலடித் துண்டே எழுபது எண்பது கிலோ வரும். அதை ஒரு கையால் பிடிக்க முடியாது, கயிற்றில் இறக்க வேண்டும். அப்போது அவர் காலை ஊன்றியிருப்பதும் அதே தண்டில்தான். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேர் நின்று கயிறு பிடிக்க அனுமதி வாங்கிக் கொடுத்துப் பாருங்கள், விலை இறங்கும். சண்டை போட்ட வீடு அதுதானா? அப்படியானால் முதலில் நாலு இளநீரோடு போய்ப் பேசுங்கள்.

ஏற விடுவதற்கு முன் தண்டை ஒரு சுற்று பாருங்கள். ஓட்டை, ஓட்டையிலிருந்து பழுப்பாகச் சாறு வழிகிற தடம், நார் மென்று துப்பினது போலத் தள்ளியிருப்பது இதெல்லாம் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே குடைந்திருக்கிறது. வெளியே கம்பீரமாக நிற்கும், உள்ளே கூடு. அதை மறைத்து யாரையும் ஏற்றிவிடாதீர்கள். விலை கூடினால் கூடட்டும், பக்கத்தில் சாரம் கட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு நல்ல செய்தி: தென்னைக்கு ஒரே குருத்து, வெட்டினால் மறுபடி தழைக்காது. கட்டையைத் தோண்டி எடுக்கக் கூடுதலாகப் பணம் கேட்டால், தரை மட்டத்துக்கு அறுத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடுங்கள் போதும். வேம்பும் வாதாமும் அப்படி விடாது, அடுத்த மழைக்குச் சுற்றிலும் துளிர்த்து நிற்கும்.

பெரம்பூரில் எங்கள் அடுக்கக சங்கத்தின் செயலாளர் நான். காம்பவுண்டுக்குள் ஆறு மரங்கள், இரண்டை எடுக்க வேண்டும், நாலைக் கழிக்க வேண்டும். மூன்று பேரிடம் விலை வாங்கினேன்: 38,000, 55,000, 90,000. நானே எக்செல்லில் ஒரு கால்குலேட்டர் போட்டேன், அது 47,000 என்கிறது. கமிட்டியில் 38,000-க்கே கொடுத்துவிடலாம் என்கிறார்கள். 90,000 கேட்டவருக்கு மனசாட்சியே இல்லையா?
– பெரம்பூர் வாசகர்

எக்செல் போடுகிற செயலாளர் கிடைத்திருக்கிறார், உங்கள் சங்கம் கொடுத்து வைத்தது. ஆனால் ஐயா, மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா? பந்தயம் கட்டுகிறேன், இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நாட்டு வாதாம். மூன்று பேர் 9,000, 14,000, 22,000 என்றார்கள். ஒன்பதாயிரத்துக்கு மயங்கினேன். மரம் அழகாக இறங்கியது. மாலையில் காசை வாங்கிக்கொண்டு, "வரேன் சார்" என்று போனார்கள். மறுநாள் காலையில் கேட்டைத் திறக்க முடியவில்லை, இலையும் கிளையும் இடுப்பு உயரத்துக்குக் கிடக்கிறது. போன் செய்தால், "வெட்டத்தானே சார் பேசினோம்?" நியாயம்தான், வெட்டத்தான் பேசினோம். குட்டி யானை வண்டி பிடித்து, ஏற்ற இரண்டு ஆள் பிடித்து, மூன்று நடையில் 6,500 போனது. அடிக்கட்டை இரண்டடி உயரத்துக்கு நின்றது, அதைத் தோண்டக் கடப்பாரை ஆட்கள் 4,000 வாங்கினார்கள், தோண்டுகிற வேகத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்றும் போனது, பிளம்பர் தனி. ஆக ஒன்பதாயிரம் இருபதாயிரத்தைத் தாண்டியது. 22,000 கேட்டவர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்டிருந்தார் என்று பிறகு புரிந்தது. என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

அதனால் முதலில் ஆறு மரத்துக்கும் சுண்ணாம்பில் நம்பர் போடுங்கள். உதாரணத்துக்கு, ஒன்றாம் நம்பரும் நாலாம் நம்பரும் எடுக்க வேண்டியது, மற்றவை எந்த உயரத்துக்குக் கழிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, மூன்று பேர் கையிலும் அதே தாளைக் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். கழிப்பது என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் மொட்டைக் கம்பமாக்கிவிட்டுப் போவார்கள், பிறகு வருகிற துளிர் எல்லாம் கொத்துக் கொத்தாக, பிடிப்பில்லாமல் வந்து முதல் காற்றிலேயே பிய்த்துக்கொண்டு விழும். குப்பை யாருடையது, கட்டை யாருடையது, வேர்க்கட்டை தரை மட்டமா தோண்டி எடுப்பதா, கார் மேலோ ஷீட் மேலோ விழுந்தால் யார் தருவது என்று நாலு வரி போதும். எடுக்க வேண்டிய இரண்டுக்கும் அனுமதி வாங்கியது நீங்களா அவரா என்பதும் அதில் இருக்கட்டும்.

உங்கள் எக்செல்லைப் பார்த்தேன், அனுப்பியதற்கு நன்றி. உயரத்தையும் பருமனையும் பெருக்கி ஒரு விலை வைத்திருக்கிறீர்கள். பருமன் இரண்டு மடங்கானால் மரத்தின் எடை இரண்டு மடங்கல்ல, அதே உயரத்துக்கு நாலு மடங்கு. அந்த இடத்தில் பருமனை இரண்டு தடவை பெருக்குங்கள். அதைவிட முக்கியமாக, மரத்திலிருந்து வண்டி நிற்கிற இடம் வரை எத்தனை அடி சுமக்க வேண்டும் என்று ஒரு கட்டம் சேருங்கள். நம் பக்கத்தில் பாதிக் கூலி சுமப்பதற்குத்தான் போகிறது. பெரம்பூர் தேவலை, வண்டி உள்ளே வரும். யானைகவுனிப் பக்கம் சில வீடுகளில் மரத்தை வெட்டுவதைவிட வெட்டினதை வெளியே கொண்டுவருவதுதான் வேலை.

தொண்ணூறாயிரம் கேட்டவரை உடனே தள்ளிவிடாதீர்கள். அவர் ஆட்களுக்கு இடுப்பு பெல்ட், ஹெல்மெட், இரண்டாவது கயிறு இருக்கிறதா, விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அந்தக் கூடுதல் எதற்கு என்று தெரிந்துவிடும். 38,000 கேட்டவரிடமும் இதையே கேளுங்கள். முதல் கடிதத்தில் இன்சூரன்ஸ் என்றால் மரம் ஏறுகிறவர் சிரிப்பார் என்றேனே, சிரித்து ஒதுக்குகிற அந்தத் தொகையை யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். பெரும்பாலும் மேலே ஏறுகிறவரின் குடும்பம்.

இன்னொன்று, நாள் பார்த்துச் செய்யுங்கள். எங்கள் தெருவில் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா அடித்த மறுநாள் ரம்பம் வைத்திருந்தவர்தான் ராஜா, சொன்னதுதான் விலை, அதற்கும் வரிசையில் நின்றோம். ஆடிக் காற்று அடங்கிய பிறகு, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் பேசினால் நீங்கள் சொல்கிற விலைக்கு வருவார்கள். இப்போதே கொஞ்சம் தாமதம்தான்.

மாதவரத்தில் என் பக்கத்து மனைக்காரருடைய தூங்குமூஞ்சி மரம் என் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அவர் வெளியூரில். 'வேண்டுமானால் நீங்களே செலவு செய்து வெட்டிக்கொள்ளுங்கள்' என்கிறார். செலவு யாருடையது?
– மாதவரம் வாசகர்

மரம் அவருடையது, செலவும் அவருடையது. ஆனால் விழுவது உங்கள் வீட்டின் மேல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பேரம். அவர் வாயால் சொன்னதை நம்பி வெட்டிவிடாதீர்கள், நாளைக்கு "என் மரத்தை வெட்டிவிட்டான்" என்று வந்து நிற்கலாம். சொன்னதை வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்குங்கள், அனுமதி விண்ணப்பமும் அவர் பெயரில் போகட்டும். பாதிப் பாதி என்று பேசி முடித்தால் அதுவே நல்ல முடிவு.

மசியவில்லை என்றால் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. விழுகிற நிலையில் இருந்து, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ வழியில் போகிறவர்களுக்கோ ஆபத்தாக நிற்கிற மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ சொல்லி, மரத்துக்குச் சொந்தக்காரருக்கு நிர்வாக நடுவர் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. சாய்வைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், ஒரே இடத்தில் நின்று மாதம் ஒன்று. சாய்ந்தே வளர்ந்த மரமா, புதிதாகச் சாய்கிற மரமா என்று அதில் தெரிந்துவிடும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் தரையில் விரிசல் விட்டு மண் எழும்பியிருந்தால் போட்டோவுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள், அந்தப் பக்க அறையில் படுப்பதை நிறுத்துங்கள்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியதில் தெருவோரப் புங்கமரத்தின் ஒரு பக்க வேரை மொத்தமாக வெட்டிவிட்டார்கள். விழுந்துவிடும் போல இருக்கிறது. நான் ஆள் வைத்து எடுத்தால் என்ன செலவாகும்?
– திருவொற்றியூர் வாசகி

உங்களுக்கு ஒரு பைசா செலவாகக் கூடாது, நீங்கள் எடுக்கவும் கூடாது. தெருவோர மரம் மாநகராட்சியுடையது. 1913-க்குப் போன் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "மரம் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள், "வேர் வெட்டுப்பட்டு வீட்டுப் பக்கம் சாய்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது" என்று சொல்லுங்கள். எல்லா நேரமும் எடுக்க வேண்டும் என்றில்லை, சில மரங்களில் பாரத்தைக் குறைத்துக் கிளை கழித்தாலே நிற்கும். கிளைக்குள் மின்கம்பி போனால் மின்வாரியத்தின் 94987 94987-க்கும் சொல்லி, லைனை நிறுத்தின பிறகுதான் யாரும் கை வைக்க வேண்டும். சிட்டிக்குள் பல தெருக்களில் கேபிள் தரைக்கடியில் போகிறது, உங்கள் பக்கம் தலைக்கு மேலேயும் போகும். சிமென்ட்டை அடிமரம் வரை பூசியிருந்தால் அதையும் உடைத்து விடச் சொல்லுங்கள்.

அங்கிள், கால்குலேட்டரில் போட மரத்தின் உயரத்தை ஏறாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஸ்கூல் மரத்துக்குச் செய்து பார்க்க வேண்டும்.
– ஏழாம் வகுப்பு, வியாசர்பாடி

வெயிலில் 3 அடிக் குச்சியை நட்டு அதன் நிழலை அள. 2 அடி வருகிறது என்று வைத்துக்கொள். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அள. 26 அடி என்றால், 26-ஐ 3-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 39 அடி. நிழல் சுவரில் ஏறிவிட்டால் இது சரிப்படாது, அப்போது பக்கத்துக் கட்டிடத்தின் மாடிகளை எண்ணு, ஒரு மாடிக்குப் பத்தடி. நம்மூர் மரம் வெட்டுகிறவர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள். உச்சி வெயிலில் அளக்காதே, நிழல் காலடியில் சுருண்டுவிடும்.

வீட்டு முருங்கைக்கும் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, ஓட்டேரி

முருங்கைக்கு எதற்கம்மா கால்குலேட்டர். ஆளைக் கூப்பிட்டு, காயையும் கீரையையும் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பாருங்கள், தெருவே வந்து கழித்துக் கொடுத்துவிட்டுப் போகும். ஏற மட்டும் விடாதீர்கள், படாரென்று முறியும். தொரட்டி போதும். கழித்ததில் கை பருமன் கிளை ஒன்றை எனக்கு எடுத்து வையுங்கள், வாதாம் இருந்த இடம் காலியாக இருக்கிறது.